ஒரே ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மடிப்பு, பிழைமடிப்பு, மூளை நோய் பற்றிப் புதிதாகப் படிப்பவர்களுக்கு

அல்சைமர், பார்க்கின்சன் பற்றிப் படிக்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் ‘புரதங்கள் தவறாக மடிவதால் இந்த நோய் வருகிறது’ என்று ஒரு வரி இருக்கும். மடிவது என்றால் என்ன, எதை வைத்து அதைத் தவறு என்கிறோம், அப்படி மடிந்தால்தான் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பதற்குள் கட்டுரை அடுத்த நோய்க்குத் தாவியிருக்கும். படித்து முடித்ததும் கையில் நிற்பது ஒரு நோய்ப் பட்டியலும் வாயில் நுழையாத பத்துப் பெயர்களும்தான்.

என் யோசனை வேறு. ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டு அதன் எழுத்து, வடிவம், கெட்டுப்போகும் விதம் எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள். அதற்கு நான் தேர்ந்தெடுப்பது ஆல்ஃபா சைனூக்ளின். பார்க்கின்சன் நோயில் நரம்பணுக்களுக்குள் திரண்டு கிடப்பது இதுதான். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தால் குறிப்பார்கள். இதில் மொத்தம் 140 அமினோ அமிலங்கள், அவ்வளவே. ஒரு பக்கத்தில் முழுவதையும் எழுதிவிடலாம்.

தேவையானவை: இணைய வசதியுள்ள ஒரு கணினி, ஒரு நோட்டு, ஒரு கோழிமுட்டை. கைபேசியிலும் முடியும், ஆனால் படங்களைச் சுழற்றிப் பார்க்கத் திரை பத்தாது. கீழே வரும் தரவுத்தளங்கள் எல்லாமே இலவசம். கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

முதல் படி: முட்டையை வேகவையுங்கள்

வெள்ளைக் கருவை மட்டும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சூடான தண்ணீர் உள்ள பாத்திரத்தில் இறக்கி வைத்துக் கவனியுங்கள். 62 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கும். நன்றாகக் கெட்டிப்பட 80 டிகிரியைத் தாண்ட வேண்டும். காரணம், அதில் இருப்பது ஒரு புரதம் மட்டுமல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் அவிழ்கிறது. பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமின் கடைசியில்தான் மசிகிறது.

சூடு ஏறுவதற்கு முன் ஒவ்வொரு புரதமும் தனித்தனியாகச் சுருண்டு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. தண்ணீரோடு ஒத்துப்போகாத, எண்ணெய்த் தன்மையுள்ள பகுதிகள் உள்ளே ஒளிந்திருந்தன. சூடு அந்தச் சுருளை அவிழ்த்ததும் உள்ளே இருந்தவை வெளியே வருகின்றன. தண்ணீரில் தனியாக நிற்க முடியாமல் பக்கத்துப் புரதத்தின் அதே மாதிரிப் பகுதிகளோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டி ஒட்டி ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்கு வலை பெரிதானதும் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அமினோ அமிலச் சங்கிலி எங்கும் அறுபடவில்லை, எழுத்து வரிசையும் மாறவில்லை. வடிவம் மட்டுமே போயிற்று. ஆற வைத்தாலும் பழைய நிலை திரும்பாது.

(பாடப்புத்தகங்களில் இதே இடத்தில் பால் திரிவதையும் சேர்த்துச் சொல்வார்கள். அது பொருந்தாத உதாரணம். பாலில் அதிகம் உள்ள கேசீனுக்கு அவிழ்வதற்கு உறுதியான மடிப்பு என்று ஒன்று ஆரம்பத்திலிருந்தே கிடையாது. எலுமிச்சைச் சாறு விட்டதும் அதன் மின்னூட்டம் குறைந்து துகள்கள் ஒன்றாகத் திரள்கின்றன, அவ்வளவுதான்.)

1935இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வில்லியம் ஆஸ்ட்பரி என்ற இயற்பியலாளர் வேகவைத்த வெள்ளைக் கருவை இழுத்து நீட்டி, அதன் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்தார். சங்கிலித் துண்டுகள் இழுத்த திசைக்குக் குறுக்காக அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டும் ஒரு வடிவம் படத்தில் விழுந்தது. இன்று அதைக் குறுக்கு பீட்டா என்கிறோம். பிற்பாடு நோயாளிகளின் திசுக்களில் கண்ட அமைலாய்டு நார்களிலும் (தவறாக மடிந்த புரதங்கள் நாராகத் திரண்டவை) அதே வடிவம்தான் இருந்தது. நோட்டில் ‘குறுக்கு பீட்டா’ என்று எழுதி அடிக்கோடு இட்டு வையுங்கள், ஐந்தாம் படியில் தேவைப்படும்.

இரண்டாம் படி: எழுத்துகளை எண்ணுங்கள்

புரதங்களின் எழுத்து வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் யூனிப்ராட் (UniProt) தளத்துக்குப் போய்த் தேடல் பெட்டியில் ‘பி37840’ என்ற எண்ணை (ஆங்கிலத்தில் P37840) இடுங்கள். மனித ஆல்ஃபா சைனூக்ளினின் பக்கம் திறக்கும். கீழே இறங்கினால் எழுத்து வரிசை பத்துப் பத்தாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். இருபது வகை அமினோ அமிலங்களுக்கும் ஆளுக்கு ஓர் ஆங்கில எழுத்து. வரிசை முழுவதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வேலை சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இந்த ஒரு பக்கத்தில்தான் பாதிப் பாடம் இருக்கிறது.

எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள். 1 முதல் 60 வரை முதல் பகுதி. லைசின், திரியோனின், லைசின், குளூட்டாமிக் அமிலம், கிளைசின், வேலின் என்ற ஆறெழுத்துத் தொடர் அங்கே சின்னச் சின்ன மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வரும். கொழுப்புப் படலத்தைக் கண்டால் சுருளாக மாறி அதன்மேல் படுத்துக்கொள்ளும் குணம் இந்தத் தொடர்களிலிருந்து வருகிறது.

61 முதல் 95 வரை நடுப்பகுதி. இங்கே கொஞ்சம் நிதானமாக எண்ண வேண்டும். 35 எழுத்துகளில் வேலின் 8, அலனின் 7. மின்னூட்டம் உள்ளவை மூன்றே மூன்று: 61, 80, 83 ஆகிய இடங்களில். அதாவது தண்ணீரை விரும்பாத, தன்னைப் போன்றவற்றோடு ஒட்டிக்கொள்ளத் தயாராக இருக்கும் நீளம் இது. பின்னால் நாராகத் திரளும்போது நடுவில் உட்காரப்போவது இந்தப் பகுதிதான்.

96 முதல் கடைசி வரை வால். இந்த 45 எழுத்துகளில் 15 அமிலத் தன்மை உள்ளவை, எல்லாம் எதிர் மின்னூட்டம். மொத்தப் புரதத்திலும் உள்ள ஐந்து புரோலின்களும் (108, 117, 120, 128, 138) இந்த வாலில்தான் இருக்கின்றன. புரோலினின் வளையம் சங்கிலியின் முதுகெலும்போடு பிணைந்திருப்பதால் அது வரும் இடத்தில் சுருளும் நிலைக்காது, தகடும் நிலைக்காது (இவை சங்கிலி எடுக்கும் இரண்டு வடிவங்கள், அடுத்த படியில் பார்ப்போம்). ஒன்றையொன்று தள்ளும் மின்னூட்டமும் புரோலினும் சேர்ந்து வாலை ஆடவிட்டே வைத்திருக்கின்றன. வாலை வெட்டிவிட்ட சைனூக்ளின் முழுப் புரதத்தைவிட வேகமாகத் திரளும் என்பது சோதனைக்கூடங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம்.

அப்புறம், ஆறாவது தொகுதியின் மூன்றாவது எழுத்தை வட்டமிடுங்கள். அது 53ஆம் இடம், அலனின். இத்தாலியின் கொண்டுர்சி ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்திலும் சில கிரேக்கக் குடும்பங்களிலும் இந்த ஒரு எழுத்து திரியோனினாக மாறியிருப்பதை 1997இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் குடும்பங்களில் பார்க்கின்சன் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. அதே ஆண்டில்தான் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் காணப்படும் லூயி உருண்டைகளுக்குள் சைனூக்ளின் இருப்பதும் தெரிந்தது. ஒரு அரிய மரபணு மாற்றமும் சாதாரண நோயாளிகளின் மூளையும் ஒரே புரதத்தைக் காட்டியதால்தான் எல்லோர் கண்ணும் இதன்மேல் விழுந்தது.

ஒரு வேடிக்கை. எலிகளுக்கு அந்த 53ஆம் இடத்தில் இயல்பாகவே திரியோனின்தான். அவை பாட்டுக்கு நடுக்கமின்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓர் எழுத்து மாறினால் நோய் என்று யாராவது சுருக்கிச் சொன்னால் இந்த எலியை நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற எழுத்துகள், ஆயுள் காலம், உயிரணுவின் பராமரிப்பு எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

மூன்றாம் படி: சங்கிலி எப்படி வளைய முடியும்

இங்கே சென்னைக்கு ஒரு இடம் உண்டு. ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் முதுகெலும்பு சுழலக்கூடியது இரண்டு இடங்களில் மட்டுமே. அந்த இரண்டு கோணங்களுக்கும் 360 டிகிரி வரை எந்த அளவையும் காகிதத்தில் எழுதலாம். ஆனால் பெரும்பாலானவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். எந்தெந்தச் சேர்க்கைகளில் இடிக்காது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் கணக்கிட்டு 1963இல் வெளியிட்டார்கள். அந்த வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட தீவுகள் சிலதான். ஒன்றில் ஆல்ஃபா சுருள், இன்னொன்றில் பீட்டா தகடு.

இதைப் பழைய பெருமை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் புரதத் தரவு வங்கியில் (PDB) எந்தப் பதிவைத் திறந்தாலும் தரத்தைக் காட்டும் சிவப்பு நீலப் பட்டைகளில் ஒன்று ‘ராமச்சந்திரன் விலகல்கள்’. அது சிவப்புப் பக்கம் ஒதுங்கியிருந்தால் அந்த அமைப்பைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

பழகுவதற்கு அந்தத் தளத்தில் ‘1யூபிக்யூ’ என்று தேடுங்கள் (ஆங்கிலத்தில் 1UBQ). யுபிக்விட்டின் என்ற 76 எழுத்துப் புரதம் வரும். முப்பரிமாணப் பார்வையைத் திறந்து சுட்டியால் இழுத்துச் சுழற்றுங்கள். சுருளும் தகடும் ஒரே பார்வையில் தெரியும். ஏதாவது ஓர் இடத்தின்மேல் சுட்டியை வைத்தால் மூலையில் அதன் பெயரும் எண்ணும் வரும். எண்ணெய்த் தன்மை உள்ள எழுத்துகள் உள்ளே புதைந்திருக்கின்றனவா என்று நீங்களே சரிபாருங்கள். நன்றாக மடிந்த புரதம் எப்படி இருக்கும் என்பதைக் கண் பழகிக்கொண்டால்தான் அடுத்து வருவதன் விசித்திரம் உறைக்கும்.

நான்காம் படி: யார் மடித்துவிடுகிறார்கள்

யாரும் இல்லை, தானாக மடிகிறது என்று காட்டியவர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன். மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த ரைபோநியூக்ளியேஸ் என்ற 124 எழுத்துப் புரதத்தை யூரியாவில் போட்டு, அதன் கந்தகப் பிணைப்புகளையும் வேதிப்பொருளால் உடைத்து, முழுவதும் அவிழ்த்தார். அதில் அந்தப் பிணைப்புகளைப் போடும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் எட்டு இடங்களில் உண்டு. அவை நான்கு ஜோடிகளாகச் சேர 105 வழிகள் இருக்கின்றன. யூரியாவை நீக்கிவிட்டுச் சேர விட்டபோது புரதம் சரியான அந்த ஒரே வழியைக் கண்டுபிடித்து மீண்டும் வேலை செய்தது. யூரியா இருக்கும்போதே சேர விட்டால் கன்னாபின்னாவென்று சேர்ந்து செயலற்றுப் போனது. வடிவத்துக்கான செய்தி எழுத்து வரிசையிலேயே இருக்கிறது என்பது இதிலிருந்து வந்த முடிவு. 1972இல் நோபல் பரிசு.

அப்படியானால் முட்டை ஏன் திரும்பவில்லை? அன்ஃபின்சன் நீர்த்த கரைசலில் வேலை செய்தார், அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றையொன்று சந்திக்காத அளவுக்கு. வெள்ளைக் கருவில் கூட்டம் அதிகம். நம் உயிரணுவுக்குள் அதைவிட நெரிசல். தன்னைத் தானே மடித்துக்கொள்வதும் பக்கத்தில் உள்ளதோடு ஒட்டிக்கொள்வதும் போட்டி போடும் இரண்டு வழிகள், எது முந்துகிறதோ அது வெல்லும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சைரஸ் லெவிந்தால் 1969இல் எழுப்பிய கேள்வியும் இங்கே வரும். ஓர் எழுத்துக்கு மூன்றே நிலைகள் என்று வைத்தாலும் 100 எழுத்துச் சங்கிலிக்குச் சாத்தியங்கள் 5க்குப் பின்னால் 47 பூஜ்யங்கள். ஒவ்வொன்றாகத் தேடினால் பிரபஞ்சத்தின் வயது போதாது. ஆனால் சின்னப் புரதங்கள் நொடியின் சிறு பகுதியில் மடிந்துவிடுகின்றன. பதில் எளிது: கண்மூடித்தனமாகத் தேடுவதில்லை. ஒவ்வொரு சிறு சேர்க்கையும் ஆற்றலைக் கொஞ்சம் குறைக்கிறது, சரிவு இருக்கும் திசையில் சங்கிலி போகிறது.

சரிவின் அடியில் கிடைக்கும் நிலைத்தன்மை மிகச் சொற்பம். மடிந்த நிலைக்கும் அவிழ்ந்த நிலைக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாக மோலுக்கு 5 முதல் 15 கிலோ கலோரி. ஒரே ஒரு கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்க 80க்கு மேல் வேண்டும். அதனால் நம் உடம்பில் புரதங்கள் எந்நேரமும் கொஞ்சம் அவிழ்வதும் மறுபடி மடிவதுமாகவே இருக்கின்றன.

உயிரணு இதைச் சமாளிக்க ஒரு பெரிய ஏற்பாடே வைத்திருக்கிறது. சாப்பரோன்கள் என்ற துணைப் புரதங்கள் அரைகுறையாக அவிழ்ந்தவற்றைப் பிடித்து, ஒட்டிக்கொள்ள விடாமல் மறுவாய்ப்புக் கொடுக்கும். ஃப்ரான்ஸ் உல்ரிக் ஹார்ட்லும் ஆர்தர் ஹார்விச்சும் இந்த வேலையில் முன்னோடிகள். தேறாதவற்றைப் புரோட்டியசோம் துண்டுபோடும். பெரிய திரள்களை லைசோசோம் கரைக்கும். வயதாக ஆக இவை எல்லாமே தளர்கின்றன. அதிலும் நரம்பணுக்களுக்கு ஒரு தனிச் சங்கடம். மற்ற உயிரணுக்கள் பிரியும்போது குப்பை இரண்டாகப் பங்கு பிரிந்துவிடும். நரம்பணு பிரிவதில்லை, எழுபது வருஷக் குப்பையும் அதே வீட்டில்தான்.

ஐந்தாம் படி: ஒரே புரதத்தின் பல முகங்கள்

சரி, மறுபடி சைனூக்ளினுக்கு வருவோம். முதலில் ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளத்தில் அதே பி37840 எண்ணைத் தேடுங்கள். கணினி கணித்த வடிவம் வரும். அடர்நீலம் என்றால் மிகுந்த நம்பிக்கை, வெளிர்நீலம் பரவாயில்லை, மஞ்சள் சந்தேகம், ஆரஞ்சு நிறத்தை நம்பவே வேண்டாம். முன்பாதி நீண்ட சுருளாகத் தெரியும், வால் ஆரஞ்சாக அலைந்துகொண்டிருக்கும். டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024 வேதியியல் நோபலில் பங்கு வாங்கிக் கொடுத்த கருவி இது. ஆனால் இந்தப் படத்தைப் பார்த்து ‘சைனூக்ளின் சுருள் வடிவப் புரதம்’ என்று நோட்டில் எழுதிவிடாதீர்கள். தண்ணீரில் தனியாக இருக்கும்போது இதற்கு நிலையான வடிவமே இல்லை. எந்தச் சூழலில், யாரோடு, எவ்வளவு அடர்த்தியில் என்ற கேள்விகளுக்கு ஒற்றைப் படம் பதில் சொல்லாது. புதிதாக வருபவர்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான் என்பேன்.

அடுத்து புரதத் தரவு வங்கியில் ‘1எக்ஸ்க்யூ8’. கொழுப்பு மாதிரியான துளியின்மேல் ஒட்டியிருக்கும் சைனூக்ளின், 2005இல் வெளியானது. இரண்டு வளைந்த சுருள்கள், பின்னால் ஆடும் வால். நரம்பு முனையில் உள்ள நுண்பைகளோடு ஒட்டி வேலை செய்யும்போது கிட்டத்தட்ட இப்படி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது ‘6சியூ7’. இதே 140 எழுத்துகள்தான், 2018இல் குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பார்த்த நார். திறந்ததும் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், பிறகு உச்சியிலிருந்து பாருங்கள். உச்சியிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மூலக்கூறும் தட்டையாக, வளைந்து நெளிந்து ஒரே தளத்தில் கிடக்கும். பக்கவாட்டில் பார்த்தால் இட்லித் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல அதே நெளிவு திரும்பத் திரும்ப வரும். தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி சுமார் 0.48 நானோமீட்டர். நோட்டில் அடிக்கோடிட்ட குறுக்கு பீட்டா இதுதான். ஆஸ்ட்பரியின் முட்டையிலும் கிடைத்தது இதே வகை அடுக்குதான்.

அந்த அடுக்கில் 61 முதல் 95 வரை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். நாரின் நடு மையத்தில் இருக்கும். வால் எங்கே? காணவே காணாது. ஆடிக்கொண்டே இருப்பதால் நுண்ணோக்கியில் பதியவில்லை. இந்த நாரில் இரண்டு இழைகள் ஒன்றாகப் பின்னியிருக்கின்றன. அவை ஒட்டும் இடத்தைப் பெரிதாக்கி எண்களைப் பாருங்கள். நீங்கள் வட்டமிட்ட 53 அங்கேதான் நிற்கும்.

ஆகா, எல்லாம் பொருந்திவிட்டது என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், ‘8ஏ9எல்’ என்பதையும் திறந்து பாருங்கள். 6சியூ7 சோதனைக்கூடத்தில் வளர்த்த நார். 8ஏ9எல் லூயி உருண்டைகளோடு இறந்தவர்களின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தது, 2022இல் வெளியானது. நெளிவே வேறு மாதிரி இருக்கும். இழையும் ஒன்றே ஒன்று, ஆகவே இரண்டு இழை சந்திக்கும் இடம் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. பல்மண்டல நலிவு (எம்எஸ்ஏ) என்ற இன்னொரு மூளை நோயில் இதே புரதம் மூன்றாவதாக வேறொரு நெளிவில் கிடைக்கிறது. நன்றாக மடியும் புரதத்துக்குப் பொதுவாக ஒரு வடிவம்தான். தவறாக மடிவதற்கோ பல வழிகள், நோய்க்கு நோய் வழி மாறுகிறது. சோதனைக்குழாயில் வளர்த்த நாரை வைத்து மருந்து தேடுவது ஏன் சிக்கலானது என்பதும் இந்த இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்தாலே புரிந்துவிடும்.

ஆறாம் படி: ஒன்று பலவாவது

நார் எப்படி வளர்கிறது என்பதை ஆய்வகத்தில் தியோஃப்ளேவின் டி என்ற சாயத்தை வைத்துப் பார்க்கிறார்கள். அமைலாய்டு நாரோடு ஒட்டினால் மட்டும் அது பிரகாசமாக ஒளிரும். சுத்தமான சைனூக்ளினை ஆட்டிக்கொண்டே சூட்டில் வைத்தால் நெடுநேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒளி திடீரென்று ஏறி, ஒரு மட்டத்தில் நின்றுவிடும். முதல் சில மூலக்கூறுகள் சரியான நெளிவில் கூடி அடுக்குக்கு அடித்தளம் போடுவதுதான் கடினம், காத்திருப்பு அதற்காகத்தான். ஏற்கெனவே வளர்ந்த நாரைப் பொடித்து ஒரு துளி சேர்த்தால் காத்திருப்பு இல்லாமலே ஒளி ஏறும். அந்தத் துளிக்கு விதை என்று பெயர்.

இதே வித்தை இப்போது நோயறியும் சோதனையாகவும் ஆகியிருக்கிறது. முதுகுத்தண்டு நீரில் ஒரு துளியைச் சுத்தமான சைனூக்ளினோடு சேர்த்து, விதை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2023இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் 88 சதவீதம் பேருக்கு அது விதை இருப்பதாகக் காட்டியது.

விதை ஓர் உயிரணுவை விட்டு இன்னொன்றுக்குப் போகுமா? போகும் என்பதற்கான வலுவான தடயம் 2008இல் வந்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் பத்தாண்டுகளுக்கும் முன்பு பதியம் வைத்த இளம் நரம்பணுக்களில் லூயி உருண்டைகள் இருப்பதைப் பிணக்கூறு ஆய்வில் பார்த்தார்கள். வயதான மூளைக்குள் வைக்கப்பட்ட இளம் அணுக்களுக்கு அது எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்.

புரதமே தொற்றாக மாறும் என்று சொல்லி 1982இல் பிரியான் என்ற பெயரை வைத்தவர் ஸ்டான்லி புரூசினர். நெடுநாள் கேலிக்கு ஆளாகி, 1997இல் நோபல் வாங்கினார். பாப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடையே இறந்த உறவினரின் உடலை உண்ணும் சடங்கு வழியாகப் பரவிய குரு நோய், பிரிட்டனின் பைத்திய மாடு நோய், அதிலிருந்து மனிதருக்கு வந்ததாக 1996இல் அடையாளம் கண்ட புதுவகை குராய்ட்ஸ்பெல்ட்-ஜேக்கப் நோய் எல்லாம் அந்த வகை. ஆனால் பார்க்கின்சன் வந்தவரைத் தொட்டால், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால், வருஷக்கணக்கில் பராமரித்தால் தொற்றாது. ஒரே மூளைக்குள் அணுவுக்கு அணு பரவுவது வேறு, ஆளுக்கு ஆள் தொற்றுவது வேறு. வீட்டில் நோயாளி இருப்பவர்களிடம் இந்த ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: மற்ற நோய்களுக்குத் தாவுங்கள்

இப்போது பட்டியலைப் படிக்கலாம், இனி அது வெறும் பெயர்களாக இருக்காது. அல்சைமரில் இரண்டு புரதங்கள்: நரம்பணுவுக்கு வெளியே அமைலாய்டு பீட்டா, உள்ளே டாவ். ஹன்டிங்டனில் ஹன்டிங்டின் என்ற புரதத்தில் குளூட்டமின் என்ற ஒரே எழுத்து நீளமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. 36ஐத் தொட்டால் ஆபத்து தொடங்குகிறது, நீளம் கூடக்கூட நோய் இளவயதிலேயே வரும். இயக்க நரம்பணு நோயான ஏஎல்எஸ்ஸில் பெரும்பாலும் டிடிபி-43. ஒவ்வொன்றுக்கும் இரண்டாம் படியில் செய்ததையே செய்யுங்கள்: எழுத்தைப் பாருங்கள், ஒட்டும் பகுதியைத் தேடுங்கள். டாவ் நாரைப் பார்க்க ‘5ஓ3எல்’ என்று தேடலாம் (நடுவில் இருப்பது ஆங்கில ஓ, பூஜ்யம் இல்லை). 2017இல் ஓர் அல்சைமர் நோயாளியின் மூளையிலிருந்து எடுத்துக் கேம்பிரிட்ஜில் பார்த்தது. உச்சியிலிருந்து பார்த்தால் ஆங்கில ‘சி’ எழுத்து இரண்டு முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும்.

எட்டாம் படி: செய்தியைச் சந்தேகத்தோடு படியுங்கள்

நடந்த இடத்தில் நிற்பவன் எல்லாம் குற்றவாளியா? திரள் இருக்கிறது என்பதும் திரள்தான் நோய்க்குக் காரணம் என்பதும் ஒன்றல்ல. மூளை நிறைய அமைலாய்டு படிவுகளோடு, நினைவு தெளிவாக இருந்து இறந்த முதியவர்கள் பலர் உண்டு. எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணு மாற்றத்தால் பார்க்கின்சன் வந்தவர்களில் சிலருக்கு லூயி உருண்டையே இருப்பதில்லை. மறுபக்கம், காரணம் என்பதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. சைனூக்ளின் மரபணு மும்மடங்காகி இருந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தை 2003இல் விவரித்தார்கள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, அளவு மட்டும் அதிகம். நோய் இளவயதிலேயே வந்தது. நான்காம் படியில் சொன்ன போட்டியை நினைத்துப் பாருங்கள், கூட்டம் கூடினால் ஒட்டுவதே வெல்லும். நாரைவிட, அது உருவாகும் வழியில் தோன்றும் சிறு திரள்களே அதிக நச்சு என்று நினைப்பவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது, ஆனால் வழக்கு முடியவில்லை.

மருந்துச் செய்திகளில் எப்போதும் இரண்டு எண்களைத் தேடுங்கள். லெக்கனிமாப் அல்சைமரில் அமைலாய்டைத் துடைத்தெடுக்கும் மருந்து, 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றது. ‘நோய் 27 சதவீதம் மெதுவானது’ என்று தலைப்புகள் வந்தன. அதே ஆய்வின் இன்னொரு எண்: 18 மாதங்களில், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் 0.45 புள்ளி. இரண்டும் உண்மை. மூளையில் வீக்கமும் கசிவும் வரக்கூடும் என்பதால் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்பதையும் கூடவே படியுங்கள்.

மூளைக்கு வெளியே இதைவிடத் தெளிவான வெற்றி இருக்கிறது. டிரான்ஸ்தைரெட்டின் என்ற இரத்தப் புரதம் நான்கு நான்காகச் சேர்ந்து இருக்கும். பிரிந்தால் அவிழ்ந்து, நாராகி, இதயத்திலும் நரம்பிலும் படியும். டஃபாமிடிஸ் என்ற மாத்திரை அந்த நான்கையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. திரண்டதைத் துடைப்பதைவிட மடிப்பைக் காப்பாற்றுவது நல்ல வழி என்பதற்கு என் கணக்கில் இதுவே சிறந்த சான்று. மூளைப் புரதங்களில் இதைச் செய்வது ஏன் கடினம் என்று இப்போது உங்களுக்கே தெரியும்: சைனூக்ளினுக்குப் பிடித்துக்கொள்ள நிலையான மடிப்பே கிடையாது.

‘மூளைப் புரதத்தைச் சரிசெய்யும்’ என்று பொடியோ மாத்திரையோ விளம்பரத்தில் வந்தால் தள்ளிவிடுங்கள். வீட்டில் ஒருவருக்கு மறதியோ நடுக்கமோ தொடங்கினால் இணையத்தில் புரதம் தேட வேண்டாம், நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பி12 குறைபாடும் தைராய்டு குறைவும் மறதியைக் கொண்டுவரும். சில மருந்துகள் பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தை உண்டாக்கும். இவற்றையெல்லாம் சரிசெய்ய முடியும்.

மேலே போக விரும்பினால் ஃபோல்டிட் என்ற கணினி விளையாட்டை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். சங்கிலியைக் கையால் இழுத்து மடித்து மதிப்பெண் வாங்க வேண்டும். குரங்கு வைரஸ் ஒன்றின் நொதிக்கு ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகத் தேடிக் கிடைக்காத அமைப்பை 2011இல் இதன் ஆட்டக்காரர்கள் சில வாரங்களில் கண்டுபிடித்தார்கள். ஆரம்ப நிலைப் புதிர்களில் எண்ணெய்த் தன்மை உள்ளவற்றை உள்ளே தள்ளுவது, அணுக்கள் இடிக்காமல் பார்த்துக்கொள்வது, தகடுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் கோப்பது என்று மூன்று வேலைகள் வரும். அதை முடித்ததும் யூனிப்ராட்டில் பி04156 என்ற எண்ணுக்குப் போங்கள். அது மனிதப் பிரியான் புரதம், 253 எழுத்துகள். அதை மூன்றாகப் பிரிக்க நான் உதவப்போவதில்லை.